ஏன் சிவில் பக்கமே நிக்கிறேன்னு கேக்குறவங்களுக்கு

கல்யாண வீட்லயோ டீக்கடையிலயோ யாராவது ஒருத்தர் கேட்டுடுறாங்க, "ஏன் வக்கீல் சார் கிரிமினல் பக்கம் போகல, அதுல தானே பேரு"ன்னு. நிலத் தகராறு, ஆக்சிடென்ட் கேஸ், உயில் வாரிசு பிரச்சனை, இந்த மூணைத் தவிர நான் வேற எதுவும் எடுக்குறதில்ல, செக் பவுன்ஸ் வந்தா கூட பக்கத்து சேம்பருக்கு அனுப்பிடுவேன். நேர்ல கேட்டா "எனக்கு செட் ஆகல சார்"னு சொல்லி நழுவிடுவேன், உண்மையான காரணம் கொஞ்சம் நீளம்.

வெளிய இருந்து பாத்தா மூணும் வேற வேற மாதிரி தெரியும், எனக்கு மூணும் ஒரே கட்டு தான். திண்டுக்கல்ல சீனியர்கிட்ட ஜூனியரா இருந்தப்போ ஒரு அம்மா வந்தாங்க, புருஷன் கொத்தனார், 34 வயசு, நாலு வழிச்சாலையில லாரி அடிச்சு ஸ்பாட்லயே போயிட்டார். ரெண்டு சின்னப் பசங்க, வயசான மாமியார். கூடவே புருஷனோட அண்ணன் வந்து உக்காந்துக்கிட்டு நாங்க அந்தம்மாவ கேக்குற ஒவ்வொரு கேள்விக்கும் அவரே பதில் சொல்றார். சீனியர் கொஞ்ச நேரம் பாத்துட்டு, எஃப்ஐஆர் காப்பிய அவர் கையில குடுத்து "தம்பி, இத மூணு செட் ஜெராக்ஸ் போட்டுட்டு வந்துருங்க"ன்னு அனுப்பி வச்சார். அவர் படி இறங்குனதும் அந்தம்மாகிட்ட, "ஏம்மா, எதுலயாவது கையெழுத்து வாங்கினாங்களா?" வாங்கிருக்காங்க. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோட, ஒரு ஸ்டாம்ப் பேப்பர்ல, வாரிசு சர்டிபிகேட்டுக்குன்னு சொல்லி.

வாரிசு சர்டிபிகேட்டுக்கு தாசில்தார்கிட்ட மனு குடுத்தா போதும், எவனும் வெத்து பத்திரத்துல கையெழுத்து கேக்க மாட்டான். விஷயம் என்னன்னா மாமனார் சுயமா வாங்குன ஒன்றரை ஏக்கர், அவர் உயில் எழுதாம போயிட்டார், பட்டா இன்னும் அவர் பேர்ல தான் கிடக்கு, அதுல செத்துப்போன தம்பி பங்கை மொத்தமா எழுதி வாங்கிடலாம்னு ஒரு கணக்கு. நல்லவேளை, பங்கை விட்டுக்குடுக்குறேன்னு எழுதுற விடுதலைப் பத்திரம் அது, பதிவு பண்ணலன்னா அதால நிலத்துல உரிமை மாறாது. பசங்க பங்குக்கு வந்த சொத்தை அம்மாவே நினைச்சாலும் கோர்ட் பர்மிஷன் இல்லாம எழுதிக் குடுக்கக் கூடாது, குடுத்தா பசங்க மேஜர் ஆனதும் ரத்து பண்ணச் சொல்லி கேக்கலாம். "மறுபடி கல்யாணம் பண்ணா உனக்கு பங்கு போயிடும்"னு வேற அந்தம்மாவ பயமுறுத்தி வச்சிருந்தாங்க. அப்படி எல்லாம் போகாது, புருஷன் செத்த அன்னைக்கே அவங்களுக்கு வந்த பங்கு அது.

ஆக ஆக்சிடென்ட் கேஸ்னு வந்தது, உள்ள வாரிசு கேஸ், அதுக்குள்ள நிலக் கேஸ். இதுல ஒண்ண மட்டும் எடுத்துக்கிட்டு மிச்சத்துக்கு வேற வக்கீல பாருங்கன்னு எப்படி சொல்றது?

ஆக்சிடென்ட் பக்கத்துல எனக்குப் பிடிச்சது அந்த நஷ்டஈட்டுக் கணக்கு. ஒரு பேச்சுக்கு மாச வருமானம் 15,000ன்னு ஆக்சிடென்ட் கேஸ விசாரிக்கிற டிரிபியூனல் எடுத்துக்கிட்டா, 40 வயசுக்குள்ள சொந்தமா வேலை பாக்குறவர்னா எதிர்கால வருமானத்துக்கு 40 சதவீதம் சேக்கணும், அது சுப்ரீம் கோர்ட்டோட 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு, அப்போ 21,000. அவரை நம்பி நாலு பேர்னா அவரோட சொந்தச் செலவுக்கு கால்வாசி கழிச்சா 15,750. வருஷத்துக்கு 1,89,000. 31லருந்து 35 வயசுக்கு 16 மடங்குன்னு 2009 சரளா வர்மா தீர்ப்பு சொல்லுது, பெருக்கினா 30,24,000. இன்சூரன்ஸ் கம்பெனி தரப்புல முட்டி மோதுறது எல்லாம் அந்த முதல் நம்பர்ல தான், வருமானத்துக்கு ஆதாரம் எங்கன்னு. கொத்தனாருக்கு யாருய்யா சேலரி சிலிப் குடுக்குறான்! மேஸ்திரிய கூட்டிட்டு வந்து கூண்டுல ஏத்தி சாட்சி சொல்ல வைக்கணும், அவர் அன்னைக்கு கூலிய விட்டுட்டு வரணும், வாய்தா தள்ளிப் போச்சுன்னா அடுத்த தடவை போனே எடுக்க மாட்டார்.

சரி, சொந்தக் காரணம். எங்க தாத்தா கிணத்தோட வாங்குன தோட்டம் ஒண்ணு இருக்கு, உயில் எதுவும் எழுதல. அவர் போனப்புறம் அத்தைய சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு கூட்டிட்டுப் போய் விடுதலைப் பத்திரம் வாங்கினாங்க, வாங்குனது எங்கப்பா தான். "நகை போட்டு சீர் செஞ்சாச்சுல்ல"ன்னு வீட்ல எல்லாரும் சொன்னாங்க, அத்தையும் அதையே சொன்னாங்க, சந்தோஷமா தான் கையெழுத்துப் போட்டாங்க. காலேஜ்ல 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம் 8வது பிரிவு நடத்துறாங்க, அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துல மகனுக்கும் மகளுக்கும் சம பங்குன்னு. 1989 தமிழ்நாட்டுத் திருத்தமோ 2005 திருத்தமோ தேவையே இல்ல, அதெல்லாம் பூர்வீகச் சொத்துக்கு. இந்தத் தோட்டத்துல அத்தைக்கு பங்கு முதல்லருந்தே இருந்துச்சு. அந்தத் தோட்டத்து வருமானத்துல தான் என் காலேஜ் பீஸ் கட்டுனாங்க, அது தான் எனக்கு உறுத்துச்சு. அப்பாகிட்ட சண்டையே போட்டேன், அத்தை என்னைத் திட்டி அனுப்பிட்டாங்க, "எங்க அண்ணன் தங்கச்சிக்குள்ள நீ வக்கீல் வேலை பாக்காத"ன்னு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல முடியும்.

இப்பவும் எங்கிட்ட விடுதலைப் பத்திரம் எழுத வந்தா, குடுக்குற பொண்ண தனியா உக்கார வச்சு பங்கு எவ்வளவு, இன்னைக்கு விலைக்கு அது என்ன மதிப்புன்னு சொல்லிட்டு தான் டிராஃப்ட் போடுவேன். பாதிப் பேர் அப்புறமும் எழுதிக் குடுத்துடுறாங்க, அது அவங்க இஷ்டம். சில அண்ணன்மார் என் ஆபீஸ் பக்கமே வர்றதில்ல, நேரா பத்திர எழுத்தர்கிட்ட போயிடுறாங்க, போகட்டும்.

கடைசியா ஒண்ணு, யார் வீட்லயாவது ஆக்சிடென்ட்ல இழப்புன்னா வருஷத்துவசம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. ஆக்சிடென்ட் நடந்து 6 மாசத்துக்குள்ள நஷ்டஈட்டு மனு போடணும்னு 2022 ஏப்ரல்லருந்து சட்டத்துல கொண்டு வந்துட்டாங்க, அத எதிர்த்து சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்காங்க தான், ஆனா உங்க கேஸ எதுக்கு அதுல மாட்டி விடணும்.