பழைய கடவுச்சொல், புதிய விதி: லாகினை மாற்றும்போது இடித்த இடங்கள்

பத்து வருடத்துக்கும் மேல் ஓடிய, பிஹெச்பி மொழியில் எழுதிய ஒரு விற்பனைத் தளத்தைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் வேலை. சரக்குப் பட்டியல், ஆர்டர், பில் எல்லாம் ஒழுங்காக வந்து சேர்ந்தன. லாகின்தான் இழுத்தடித்தது. கார்டு பாதுகாப்புத் தணிக்கைக்கு வந்தவர் 90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றச் சொன்னார். பாதுகாப்புக் குழு அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்டின் வழிகாட்டியை நீட்டி, காலக்கெடு வைத்து மாற்றச் சொல்லவே கூடாது என்றது. வாடிக்கையாளர் ஒருவரைக்கூட 'ரீசெட் செய்' என்று தொந்தரவு செய்யக்கூடாது என்பது வியாபாரப் பக்கத்தின் நிபந்தனை.

இந்த முரண்பாட்டில் முக்கால் பங்கு, விதிகளை அவற்றின் நிபந்தனையோடு சேர்த்துப் படிக்காததால் வருவது. கார்டுத் துறையின் பாதுகாப்பு விதித்தொகுப்பான பிசிஐ டிஎஸ்எஸ் 4.0-இல் (இப்போது நடப்பில் உள்ளது 4.0.1) கடவுச்சொல்லுக்குக் குறைந்தது 12 எழுத்து, எழுத்தும் எண்ணும் கலந்து, என்று இருக்கிறது. ஆனால் அந்தப் பகுதி, பொருள் வாங்க வரும் வாடிக்கையாளர் கணக்குகளுக்குப் பொருந்தாது. ஊழியர், அட்மின் போன்றோருக்குத்தான். 90 நாள் விதியும் கடவுச்சொல் மட்டுமே ஒற்றைப் பூட்டாக இருக்கும் கணக்குக்குத்தான். இரண்டாவது காரணி (ஆப் காட்டும் எண் போன்ற கூடுதல் சரிபார்ப்பு) வந்துவிட்டால் அந்தக் கட்டாயம் விலகிவிடும். கார்டு விவரம் இருக்கும் பகுதிக்குள் நுழையும் ஊழியருக்கு இரண்டாவது காரணி எப்படியும் கட்டாயம். ஆகவே கணக்குகளை இரண்டாகப் பிரித்தோம். ஊழியருக்கு 12 எழுத்து, ஆத்தென்டிகேட்டர் ஆப், 15 நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி லாகின், காலக்கெடு கிடையாது. வாடிக்கையாளருக்கு 2017-இல் வந்த நிஸ்ட் 800-63பி வழி: குறைந்தது 8 எழுத்து, கசிந்த கடவுச்சொல் பட்டியலோடு ஒப்பிடுதல், 'ஒரு பெரிய எழுத்து, ஒரு குறி' என்ற கட்டாயம் இல்லை. (2025-இல் வந்த நான்காம் திருத்தம், கடவுச்சொல் மட்டும் உள்ள கணக்குக்கு 15 எழுத்து கேட்கிறது. இப்போது தொடங்குபவர்கள் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) இதை ஒரு பக்க அட்டவணையாக எழுதித் தணிக்கையாளரிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் நிரலைத் தொட்டோம்.

அடுத்தது ஹேஷ், அதாவது கடவுச்சொல்லுக்குப் பதிலாகச் சேமித்துவைக்கும், திருப்ப முடியாத மாற்று மதிப்பு. பழைய தளத்தில் எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறை, அதுவும் உப்பு (ஒவ்வொரு கணக்குக்கும் தனியாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) சேர்க்காதது. அதிலிருந்து கடவுச்சொல்லைத் திருப்பி எடுத்து மாற்ற வழியில்லை; எல்லோரும் லாகின் ஆகும்வரை எம்டி5-ஐ அப்படியே விட்டுவைப்பதும் ஆபத்து. ஒரே இரவில் எல்லா எம்டி5 மதிப்பையும் ஆர்கன்2ஐடி என்ற வலுவான புதிய ஹேஷுக்குள் போட்டு மூடினோம். பயனர் லாகின் ஆகும்போது அவர் தட்டியதை எம்டி5 ஆக்கி, அதை ஆர்கன்2ஐடி-யில் சரிபார்த்து, சரி என்றால் அந்த நொடியே நேரடி ஆர்கன்2ஐடி-யாக மாற்றி எழுதிவிட வேண்டும். எந்தக் கணக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு டேபிளில் தனியாக ஒரு நெடுவரிசை. பழைய டேபிளில் ஹேஷ் நெடுவரிசையின் அகலம் 32 எழுத்து. புதியது அதில் அடங்காது. டேட்டாபேஸ் கறார் நிலையில் (ஸ்ட்ரிக்ட் மோடில்) இல்லையென்றால் சத்தமில்லாமல் வாலை வெட்டிவிடும், ஒருவராலும் உள்ளே வர முடியாது. 255 வைத்துவிடுங்கள்.

பிகிரிப்ட் என்ற இன்னொரு ஹேஷ் முறையை விட்டதற்குக் காரணம் அதன் 72 பைட் எல்லை. நிஸ்ட் குறைந்தது 64 எழுத்து வரை அனுமதிக்கச் சொல்கிறது. தமிழில் ஒவ்வொரு குறியீடும், எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 3 பைட். 24 குறியீட்டிலேயே 72 தீர்ந்துவிடும். ஆர்கன்2ஐடி-க்கு 19 எம்பி நினைவகம், 2 சுற்று என்று வைத்தோம். ஒரே நேரத்தில் 50 பேர் நுழைந்தால் அதற்கு மட்டும் சுமார் 950 எம்பி போகும். சின்ன சர்வர் என்றால் ஒரே சமயத்தில் எத்தனை ஹேஷ் ஓடலாம் என்று வரம்பு கட்டுங்கள்.

தமிழில் கடவுச்சொல் வைப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். 'கொடி' என்பதில் உள்ள ஒகரக் குறியைச் சில விசைப்பலகைகள் ஒரே குறியீடாக அனுப்பும், சில ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாக அனுப்பும். திரையில் வித்தியாசமே தெரியாது. ஹேஷ் முற்றிலும் வேறு. கணினியில் வேலை செய்யும் கடவுச்சொல் போனில் தவறு என்று வந்தால் முதலில் இதைப் பாருங்கள். புதிய ஹேஷை, கடவுச்சொல்லை என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) மாற்றிய பிறகே போட வேண்டும். பழைய எம்டி5-க்கு மட்டும், தட்டியது தட்டியபடி ஒருமுறை, பொருந்தாவிட்டால் மற்ற வடிவத்தில் ஒருமுறை.

சோதனையில் பெரும்பாலானோர் உள்ளே வந்தார்கள், சிலர் மட்டும் வரவில்லை. அவர்கள் கடவுச்சொல்லில் எல்லாம் '&' இருந்தது. பழைய நிரல் எம்டி5 போடுவதற்கு முன் அந்தக் குறியை '&' என்ற ஹெச்டிஎம்எல் வடிவுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து ஐந்தாகிவிடும். முன்பின் இடைவெளியையும் அதுவே நறுக்கியது. பழைய லாகின் ஃபங்ஷனை வரிக்கு வரி படித்து, அது செய்த ஒவ்வொரு கோணலையும் பழைய ஹேஷ் பாதையில் அப்படியே செய்ய வேண்டும். புதிய பாதைக்கு அவற்றில் ஒன்றும் வரக்கூடாது.

நீள விதியை லாகின் படிவத்தில் வைக்காதீர்கள். 6 எழுத்துக் கடவுச்சொல் உள்ளவர் சர்வரை எட்டும் முன்பே திருப்பி அனுப்பப்படுவார். அவரை உள்ளே விட்டு, அடுத்த திரையில் மாற்றச் சொல்லுங்கள்.

பூட்டும் விதியும் இப்படித்தான். ஊழியருக்கு 10 தவறான முயற்சிக்குள் பூட்டி, 30 நிமிடம் வைக்க வேண்டும். அதையே வாடிக்கையாளருக்கும் வைத்தால், போன் ஆப்பில் சேமித்துவைத்த பழைய கடவுச்சொல் பின்னணியில் திரும்பத் திரும்ப முயன்று, மாற்றிய அரை மணிக்குள் கணக்கைப் பூட்டிவிடும். அவர்களுக்குப் பூட்டாமல், ஒவ்வொரு தவறுக்கும் காத்திருப்பு நேரத்தை ஏற்றினோம்.

180 நாள் கழித்தும் வராத கணக்குகளின் ஹேஷை அழித்து, ரீசெட் வழியில் விட்டோம். பழைய பேக்கப் கோப்புகளையும் அன்றே அழித்தோம். அவற்றில் இருந்த வெறும் எம்டி5 யார் கையிலாவது கிடைத்திருந்தால், அதை மூடிவைத்த ஆர்கன்2ஐடி-யால் ஒரு பயனும் இருந்திருக்காது.