காபிக் களத்தில் கேட்ட ஓமென் கதை

கோடை விழா நடக்கும் மே மாதத்தில் ஏற்காடு ஏரிப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். அதனால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்த கையோடு, ஊருக்குள் நிற்காமல் சேர்வராயன் கோயில் சாலையைப் பிடித்துவிட்டோம். பெரியப்பாவின் நண்பருடைய காபி எஸ்டேட்டில் தியான முகாம். வந்திருந்தது சேலம், ஆத்தூர், நாமக்கல் ஆட்கள்தான். பாயும் போர்வையும் அவரவர் கொண்டுவர வேண்டும். கொட்டை காயவைக்கும் களத்தில் தகரக் கொட்டகை போட்டிருந்தார்கள்.

பெரியப்பா இளவயதில் சென்னை வசந்த விஹாரில் தத்துவ ஞானி ஜே. கிருஷ்ணமூர்த்தியின் உரைகளை நேரில் கேட்டவர். ஒரு மாலை அவரைப் பேசச் சொல்லியிருந்தார்கள். தத்துவம் பேசி எல்லோரையும் தூங்கவைக்கப்போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன், அவர் எடுத்ததோ நெதர்லாந்தில் நடந்த ஒரு கோடை முகாமின் கதையை.

1909-ல் அடையாறு கடற்கரையில் பிரம்மஞான சபைக்காரரான லெட்பீட்டர் கண்ணில் பட்ட சிறுவன் கிருஷ்ணமூர்த்தி, 1911-ல் அந்தச் சிறுவனைத் தலைவராக்கி அதே சபையின் அன்னி பெசண்ட் அமைத்த நட்சத்திரச் சங்கம், வரப்போகும் உலக குரு இவர் மூலமாகத்தான் பேசுவார் என்ற நம்பிக்கை, இதெல்லாம் பலரும் கேள்விப்பட்டதுதான். முகாம் அப்புறம்தான் வருகிறது. பிலிப் வான் பலாந்த் என்ற டச்சுப் பிரபு, ஓமென் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருந்த தன் ஏர்டே மாளிகையையும் அதைச் சேர்ந்த சுமார் 5,000 ஏக்கரையும் கொடுக்க முன்வந்தார். தன் பெயருக்கு வேண்டாம் என்று கிருஷ்ணமூர்த்தி சொல்லிவிட்டதால் சொத்து ஓர் அறக்கட்டளைக்குப் போனது. 1924 முதல் அந்தப் பைன் காட்டில் கோடைதோறும் கூடாரங்கள் எழுந்தன. பொழுது சாய்ந்ததும் பெரிய தீ மூட்டுவார்கள், கிருஷ்ணமூர்த்தி அக்னி மந்திரம் சொல்வார். ஐரோப்பாவின் நடுக்காட்டில் வேத மந்திரம்! நினைத்தாலே எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் சிலிர்க்கவும் செய்தது.

1925 நவம்பரில் தம்பி நித்யா காசநோயால் இறந்தார். பிரம்மஞான சபையார் நம்பிய மறைவான மகான்கள் அவரைக் காப்பாற்றிவிடுவார்கள் என்று நம்பிக் கப்பலில் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த அண்ணனுக்கு வழியில்தான் செய்தி கிடைத்தது. எல்லாம் அங்கேதான் உடைந்தது என்பது பெரியப்பாவின் கட்சி. 1929 ஆகஸ்ட் 3, அதே ஓமென் முகாமில், பெசண்ட் அம்மையாரும் ஏறத்தாழ 3,000 பேரும் கேட்டுக்கொண்டிருக்க, உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த அமைப்பும் யாரையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது என்று சொல்லிக் கிருஷ்ணமூர்த்தி சங்கத்தையே கலைத்துவிட்டார்.

கொட்டகையில் சத்தமே இல்லை. பின்வரிசையில் இருந்த ஆத்தூர்க்காரர் மட்டும், "அதெல்லாம் சரிங்க, நெலத்த என்ன பண்ணாருங்க?" என்றார்.

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி அது. மாளிகையும் நிலமும் பிரபுவுக்கே திரும்பிப் போயின, முகாம் இருந்த 400 ஏக்கர் தவிர. சங்கம் இல்லாவிட்டாலும் முப்பதுகளிலும் முகாம் நடந்தது. உறுப்பினர் என்ற பேச்சு இல்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். 1934-ல் மாளிகையில் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் பள்ளி தொடங்கினார்கள், ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த பிள்ளைகள் நிறையப் பேர் அங்கே படித்தார்கள். முகாம் நிலத்தின் கதைதான் கொடுமை. நாட்டைப் பிடித்த ஜெர்மானியர் 1942-ல் அதைக் கைதிகள் முகாமாக்கினார்கள், பெயர் எரிகா. தியானத்துக்கு வந்தவர்கள் தங்கிய இடத்தில் டச்சுக் கைதிகள் அடியும் பட்டினியுமாகக் கிடந்தார்கள். இதைச் சொல்லும்போது மழை தகரத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது, பெரியப்பா கத்திக் கத்திச் சொன்னார்.

பிறகு 1961-லிருந்து 1985 வரை சுவிட்சர்லாந்தின் சானென் பள்ளத்தாக்கில், மறுபடியும் கோடையில், மறுபடியும் கூடாரத்தில் கிருஷ்ணமூர்த்தியின் கூட்டங்கள் நடந்தன. இதையெல்லாம் கேட்டபோது எனக்குத் தோன்றியது வேறு: அமைப்பைக் கலைத்தவரும் 400 ஏக்கரைக் கையில் வைத்திருந்தார் அல்லவா? ஆள் கூட இடம் வேண்டும், சமைக்கப் பாத்திரம் வேண்டும், கணக்கு எழுத ஒருவர் வேண்டும். இரவு சாப்பாட்டில் இதைச் சொன்னேன். "இடம் வேற, சங்கம் வேறடா" என்றார் பெரியப்பா. நான் விடவில்லை, அவரும் விடவில்லை.

மறுநாள் காலை, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, இந்த முகாமை ஒரு சங்கமாகப் பதிவு செய்துவிடலாமா என்று எஸ்டேட்காரர் கேட்டார். ரசீது புத்தகம் இருந்தால் அடுத்த வருடக் கொட்டகைக்கு நன்கொடை வாங்க வசதியாக இருக்குமாம். பெரியப்பா என்னை முறைத்தார். நான் பதிவு செய்யுங்கள் என்றேன்.