ஐந்து மணி நேரம் போதாதா?

சென்ற மாதம் என் அக்கா மகன் ஹாஃப்-லைஃப் 2 என்னும் கணினி விளையாட்டை முடித்தான். முடித்த கையோடு எபிசோட் ஒன் என்னும் அடுத்த பகுதி தானாகவே திறந்துகொண்டது. டாக் என்னும் அந்தப் பெரிய இயந்திரம் இடிபாடுகளுக்கு அடியிலிருந்து கதாநாயகன் கோர்டன் ஃப்ரீமேனை வெளியே இழுத்தெடுத்தது. அவனுடைய தோழி அலிக்ஸ் ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அக்கா மகனும் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து தொடர்ந்து விளையாடினான். மறுநாள் இரவு அவனிடம், எபிசோட் ஒன் எப்படி இருந்தது என்று கேட்டேன். "எது மாமா? எல்லாம் ஒரே கேம்தானே?" என்றான்.

எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவன் ஒரே விளையாட்டு என்று எண்ணிக்கொண்ட அந்தப் பகுதியைப் பற்றித்தான் நானும் என் நண்பர்களும் ஒரு காலத்தில் மாதக்கணக்கில் வாதிட்டோம். அந்த வாதம் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றியே நடந்தது: இவ்வளவு சிறிய ஒன்றை ஏன் தனி விளையாட்டாக விற்க வேண்டும்?

வால்வ் நிறுவனம் எபிசோட் ஒன்னை 2006 ஜூன் 1 அன்று வெளியிட்டது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 உருவாவதற்கு ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடித்திருந்தன. மீண்டும் அப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வைக்காமல், கதையைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து விரைவாகத் தருவதே அவர்களுடைய திட்டம். தொடக்கத்தில் 'ஆஃப்டர்மேத்' என்று பெயரிட்டிருந்ததை, மூன்று பகுதிகள் கொண்ட வரிசையின் முதல் பகுதி என்பதைக் காட்டும் வகையில் எபிசோட் ஒன் என்று மாற்றினார்கள். விலை ஏறக்குறைய 20 டாலர். நிதானமாக விளையாடுபவருக்கும் அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் நீடிக்கவில்லை. வேகமாக விளையாடுபவர்கள் நான்கு மணி நேரத்திலேயே முடித்துவிட்டார்கள். பதினைந்து மணி நேரம் வரை நீளும் முழு விளையாட்டையே ஐம்பது டாலருக்குக் கொடுத்த நிறுவனம் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இந்த விலையைச் சொன்னபோது, கணக்குப் போட்டுப் பார்த்தவர்களுக்குக் கோபம் வந்ததில் வியப்பில்லை.

அளவைப் பற்றிய குறைக்கு அடுத்தபடியாக, புதுமை இல்லை என்ற குறையும் இருந்தது, அதை நான் இன்றும் மறுக்க மாட்டேன். எபிசோட் ஒன்னில் ஒரு புதிய ஆயுதம்கூடக் கிடையாது. மூலத்தில் நாம் இறுதியாக விட்டு வந்த அதே சிட்டி 17 நகரம், அதே சிட்டாடெல் கோபுரம், பூமியைக் கைப்பற்றிய கம்பைன் என்னும் வேற்றுலக ஆதிக்கத்தின் அதே படைவீரர்கள். புதிய எதிரி என்று சொல்லத்தக்கது, தலையில் ஏறி ஆளை ஸோம்பியாக்கும் ஹெட்கிராப் என்னும் உயிரினம் பற்றிக்கொண்ட கம்பைன் வீரனான ஸோம்பைன் மட்டுமே. முதல் ஹாஃப்-லைஃப்புக்கு 1999-இல் கியர்பாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஆப்போசிங் ஃபோர்ஸ் விரிவாக்கத்தை விளையாடியவர்கள் இதை அதனோடு ஒப்பிட்டார்கள். அதில் கதை வேறொரு வீரனின் பார்வையில் நகர்ந்தது. புதிய ஆயுதங்கள் இருந்தன. புதிய உயிரினங்கள் இருந்தன. ஆணையிட்டு அழைத்துச் செல்லக்கூடிய துணைவீரர்கள் இருந்தார்கள். விரிவாக்கம் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பழகியவர்களுக்கு, எபிசோட் ஒன் பழைய வீட்டுக்கே திரும்ப அழைத்துச் சென்றது போலிருந்தது.

ஆனால் இந்தக் குறைகளைச் சொன்னவர்களும் ஒன்றை ஒப்புக்கொண்டார்கள். அலிக்ஸ் வான்ஸ் என்னும் பெண் நம் பக்கத்திலேயே நடந்து வந்த விதம் அதுவரை எந்தத் துப்பாக்கிச் சுடும் விளையாட்டிலும் காணாத ஒன்று. அந்நாளில் இத்தகைய விளையாட்டுகளில் துணைக்கு வருபவர் என்றாலே நமக்குச் சுமை: கதவை மறித்துக்கொண்டு நிற்பார், குண்டடிபட்டு விழுவார், அவரைக் காப்பாற்றத் தவறினால் நாம் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அலிக்ஸுக்குத் தோட்டா தீர்வதில்லை. அவள் எளிதில் சாவதில்லை. வழியில் குறுக்கே நிற்பதும் அரிது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவள் தேவையான இடத்தில் பேசி, தேவையற்ற இடத்தில் பேசாமல் இருந்தாள் என்பது. மெர்ல் டான்ட்ரிட்ஜின் குரலும், விளையாட்டை இயக்கும் சோர்ஸ் எஞ்சின் என்னும் மென்பொருளில் மேம்படுத்தப்பட்டிருந்த முகபாவங்களும் சேர்ந்து, வாய் திறக்காத கதாநாயகனுக்கு ஒரு தோழியை உண்மையாகவே கொடுத்துவிட்டன.

இதைப் புரியவைக்க 'லோலைஃப்' என்னும் மூன்றாம் அத்தியாயத்தைத்தான் நான் எப்போதும் எடுத்துக்காட்டுவேன். நிலத்தடியில், மின்சாரம் அற்ற வாகன நிறுத்துமிடங்களும் சுரங்கப் பாதைகளும் நிறைந்த பகுதி அது. கோர்டனின் உடுப்பில் ஒரு டார்ச் விளக்கு உண்டு. ஆனால் அந்த விளக்குக்கும், வேகமாக ஓடுவதற்கும், நீருக்கடியில் மூச்சுப் பிடிப்பதற்கும் ஒரே மின்சேமிப்புத்தான். விளக்கைத் தொடர்ந்து எரித்தால் அது தீர்ந்துவிடும். தீர்ந்தால் மீண்டும் நிரம்பும் வரை இருட்டில் நிற்க வேண்டும். அலிக்ஸிடம் துப்பாக்கி இருக்கிறது, விளக்கு இல்லை. நாம் எந்த ஸோம்பியின் மீது வெளிச்சம் அடிக்கிறோமோ, அதைத்தான் அவள் குறிபார்த்துச் சுடுவாள். ஆகவே நாம் கண்ணாக இருக்கிறோம், அவள் கையாக இருக்கிறாள். அந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில், லிஃப்டை வரவழைக்கும் பொத்தானை அழுத்திவிட்டு, அது ஆடி அசைந்து கீழே வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். நாலாபுறமும் முனகல் சத்தம் கேட்கிறது. விளக்கின் அளவு குறைந்துகொண்டே வருகிறது. அதை அணைத்துச் சேமிப்பதா, எரியவிட்டு அவளுக்கு வழிகாட்டுவதா என்று கை தடுமாறுகிறது. தொலைவில் ஒரு ஸோம்பைன் கையெறி குண்டை உயரப் பிடித்துக்கொண்டு தள்ளாடி ஓடி வருகிறது. அந்தக் குண்டை, பொருள்களை இழுக்கவும் எறியவும் வல்ல கிராவிட்டி கன் என்னும் ஆயுதத்தால் அதன் கையிலிருந்தே பிடுங்கி, வந்த வழியே திருப்பி எறியலாம் என்று முதன்முதலில் கண்டுகொண்ட அந்த நொடியை இப்போதும் நான் மறக்கவில்லை.

புதிய ஆயுதம் ஒன்றும் தரவில்லையே என்று குறை சொன்ன என் நண்பர் ஒருவரிடம் அன்று நான் கேட்டது இதுதான்: அந்த அரைமணி நேரத்தில் டார்ச் விளக்கு ஆயுதமாகிவிடவில்லையா? அவர் ஒப்புக்கொள்ளவில்லை. விளக்கின் மின்சேமிப்பை ஓட்டத்தோடு சேர்த்து முடிச்சுப் போட்டது வெறும் எரிச்சல் என்றார். இப்படிக் கருதியவர்களும் நிறையப் பேர் இருந்தார்கள். எபிசோட் டூ வந்தபோது வால்வ் நிறுவனம் விளக்குக்குத் தனி மின்சேமிப்பைக் கொடுத்துவிட்டது. விளையாடுவதற்கு அது வசதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த லிஃப்டுக்கு முன்னால் நான் அனுபவித்த திணறல் அதற்குப் பிறகு எனக்குக் கிடைக்கவே இல்லை.

இரண்டாவதாக, சிட்டாடெலை விட்டு வெளியேறும் ரயில் பயணத்தைச் சொல்ல வேண்டும். மனித உருவம் சிதைக்கப்பட்டு அடிமைகளாக்கப்பட்ட ஸ்டாக்கர்களைச் சுமந்து செல்லும் பெட்டி அது. ரயில் தடம்புரண்ட பிறகு இடிபாட்டுக்குள் ஒரு ஸ்டாக்கர் அலிக்ஸைப் பற்றிக்கொள்கிறது. அதை விலக்கிவிட்ட பின்பும் அவள் உடனே எழுந்து நடப்பதில்லை. நிலைகுலைந்து சற்று நேரம் அப்படியே இருக்கிறாள். விளையாட்டு நம்மை எதுவும் செய்யச் சொல்வதில்லை, அவளைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வேலை இல்லை. பதினைந்து மணி நேர விளையாட்டில் இந்தக் காட்சி அடுத்தடுத்த சண்டைகளுக்கு நடுவே மறைந்துபோயிருக்கும். சிறிய விளையாட்டாக இருந்ததால்தான் அது மனத்தில் தங்கியது என்பது என் கருத்து.

மருத்துவமனையின் மேல்மாடத்தில் நடக்கும் கன்ஷிப் சண்டையையும் பெரும்பாலோர் விரும்பினார்கள். நாம் ராக்கெட் எறிய எறிய, அந்தப் பறக்கும் எந்திரம் கூரையைப் பலகை பலகையாகப் பிய்த்தெறிந்து, ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் செய்துவிடும். அதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

குறை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அளவில் இல்லை, 'எக்ஸிட் 17' என்னும் இறுதி அத்தியாயத்தில் இருக்கிறது என்பேன். நகரத்தில் சிக்கிக்கொண்ட மக்களைக் குழு குழுவாக ரயில் நிலையத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு குழுவைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு, அதே பாதையில் திரும்பி வந்து, அடுத்த குழுவை அதே பாதையில் அழைத்துப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் எதிரிகள் வேறு இடங்களிலிருந்து வருகிறார்கள் என்பது உண்மைதான். இருந்தும் கால்களுக்கு அது ஒரே பாதைதான். அலிக்ஸை ஒருபோதும் சுமையாக்காத விளையாட்டு, பெயர் தெரியாத நான்கைந்து பேரைக் கடைசி நேரத்தில் சுமையாக்கியது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மொத்தமே ஐந்து அத்தியாயங்கள் கொண்ட ஒன்றில், ஓர் அத்தியாயத்தின் பாதியை இப்படி நடந்தே கழிக்க வைத்தது, நீளம் போதவில்லை என்ற புகாரை முன்கூட்டியே சமாளிக்கும் முயற்சியோ என்றுகூட அன்று சிலர் ஐயப்பட்டார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் அந்தப் பகுதியை வெட்டியிருந்தால் விளையாட்டு இன்னும் சிறியதாகவும் இன்னும் நல்லதாகவும் இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன்.

எபிசோட் ஒன்னின் மீது எனக்கு இருக்கும் மதிப்புக்கு மற்றொரு காரணம், அதனுள் வைக்கப்பட்டிருந்த குரல் விளக்கங்கள். அந்த வசதியை இயக்கிவிட்டு மீண்டும் விளையாடினால், ஆங்காங்கே பேச்சுக்குமிழி வடிவில் குறிகள் தோன்றும். ஒன்றைத் தொட்டால், அந்த இடத்தை ஏன் அப்படி அமைத்தார்கள், சோதித்துப் பார்த்தவர்கள் எங்கே வழி தவறினார்கள், அதன் பிறகு எதை மாற்றினார்கள் என்று உருவாக்கியவர்களே பேசுவார்கள். ஒரு விளக்கு ஏன் அந்த மூலையில் எரிகிறது என்பதற்குக்கூட ஒரு காரணம் இருக்கிறது என்று நான் முதன்முதலில் அறிந்தது அங்கேதான். எனவே ஐந்து மணி நேரம் என்று விலை மதித்தவர்கள் இந்த இரண்டாம் சுற்றைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2007-இல் ஆரஞ்சு பாக்ஸ் தொகுப்போடு வந்த சாதனைப் பட்டியல், மூன்றாம் சுற்றுக்கும் ஒரு காரணத்தைக் கொடுத்தது: முழு விளையாட்டையும் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் சுட்டு முடிக்க வேண்டும். கிராவிட்டி கன், கடப்பாரை, கையெறி குண்டு, ராக்கெட் இவற்றுக்குத் தடையில்லை. அந்த ஒற்றைத் தோட்டாவும் எதிரிக்கு அல்ல, வேறு வழியில்லாமல் உடைத்தாக வேண்டிய ஒரு பூட்டுக்கு. மூல விளையாட்டின் நீளத்துக்கு இப்படியொரு சவாலைக் கொடுத்திருந்தால் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், அன்று கோபப்பட்டவர்கள் முழுக்கத் தவறு செய்தார்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறிய பகுதிகளாகக் கொடுப்பதற்கு வால்வ் நிறுவனம் சொன்ன ஒரே நியாயம் விரைவு. எபிசோட் டூ 2007 அக்டோபர் 10 அன்று, பதினாறு மாதங்கள் கழித்து வந்தது. அது நீளத்திலும் புதுமையிலும் முதல் பகுதியை விஞ்சியது; காடும் மலையும் காரும் ஹன்டர் என்னும் புதிய எதிரிகளும் இருந்தன; அலிக்ஸின் தந்தை ஈலை கண்ணெதிரே கொல்லப்படுவதோடு முடிந்தது. அதற்கடுத்து வர வேண்டிய எபிசோட் த்ரீ வரவே இல்லை. கதை மீண்டும் நகர்ந்தது 2020 மார்ச்சில், ஹாஃப்-லைஃப்: அலிக்ஸ் என்னும் மெய்நிகர் கண்ணாடி விளையாட்டில்தான். ஐந்து மணி நேரத்துக்கு 20 டாலர் கொடுத்தவர்கள், உண்மையில் அந்த ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் கொடுக்கவில்லை. அடுத்தது விரைவில் வரும் என்ற சொல்லுக்கும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தச் சொல் காப்பாற்றப்படவில்லை. நீளத்தைப் பற்றிய வாதம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தது, இந்த நம்பிக்கையைப் பற்றிய வாதமாக மாற ஐந்தாறு ஆண்டுகள் ஆயின. அதற்குள் யாரும் எபிசோட் ஒன்னைச் சிறியது என்று திட்டுவதையே விட்டுவிட்டார்கள்.

2024 நவம்பரில், ஹாஃப்-லைஃப் 2-இன் இருபதாம் ஆண்டை ஒட்டி, இரண்டு எபிசோடுகளையும் மூல விளையாட்டோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள். ஒன்று முடிந்தால் அடுத்தது தானாகத் தொடங்கும்படியும் செய்தார்கள். அக்கா மகனுக்கு எல்லைக்கோடு தெரியாமல் போனது அதனால்தான். அவன் கண்ணுக்கு எபிசோட் ஒன் என்பது சிட்டாடெல் வெடிப்பதற்கு முன் நகரத்தைவிட்டு ஓடும் நீண்ட இறுதிக்காட்சி மட்டுமே. விலை இல்லை, காத்திருப்பு இல்லை, ஏமாற்றமும் இல்லை. அப்படிப் பார்க்கும்போது அதன் அளவு மிகச் சரியாகத்தான் இருக்கிறது.

அவனிடம் அந்த ஒற்றைத் தோட்டாச் சவாலைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமை இரவு தொடங்கினான். லிஃப்டுக்காகக் காத்திருக்கும் இடத்தில் நான்கு முறை செத்தான். ஐந்தாம் முறை விளக்கை அணைத்து அணைத்து எரித்து, அலிக்ஸுக்கு ஒவ்வொரு ஸோம்பியாகக் காட்டிக் கொடுத்தான். லிஃப்டின் கதவு திறந்தபோது அவனுடைய விளக்கில் மின்சாரம் ஒரு துளியும் மிச்சமில்லை. இருவரும் உள்ளே நுழைந்தார்கள். அவன் இன்னும் ஒரு தோட்டாகூடச் சுட்டிருக்கவில்லை.