ஊரடங்கில் லித்தியம்

எனக்கு பைபோலார், மனநிலை ஒரேயடியாக ஏறுவதும் ஒரேயடியாக இறங்குவதுமான நோய். அதைக் கட்டுக்குள் வைக்கப் பல வருடமாக லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். 2020 மார்ச் 24 மாலை 144 போட்டார்கள். ஊரே அரிசி பருப்பு வாங்க ஓடியது. நாங்கள் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குத் தேனி, டாக்டர் மதுரையில். பஸ் ஓடவில்லை, மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். தெருமுனை மெடிக்கலில் லித்தியம் வைப்பதில்லை. கேட்கிற ஆள் நான் ஒருவன்தான். பழைய சீட்டும் காலாவதி. நல்லவேளையாக மார்ச் 25 அன்றே மத்திய அரசு தொலைமருத்துவ விதிமுறைகளை வெளியிட்டிருந்தது. டாக்டர் வீடியோ காலில் பேசி, வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினார். கடைக்காரர் அதை வைத்து வரவழைத்துக் கொடுத்தார்.

மாத்திரை கிடைத்தால் மட்டும் போதாது. லித்தியத்தின் அளவு ரத்தத்தில் குறைந்தால் பலனில்லை, கூடினால் விஷம். எனக்கு 0.6-க்கும் 1.0-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இரவு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்னால் ரத்தம் கொடுக்கணும். அந்தப் பரிசோதனைக்கு அப்போது வழியில்லை. அதுவும் சித்திரை வெயில், உடம்பில் தண்ணீர் வற்றினால் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் அதிகமானாலோ, வயிற்றுப்போக்கோ தள்ளாட்டமோ வந்தாலோ உடனே கூப்பிடச் சொன்னார் டாக்டர். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போடலாம், ஐபுபுரூஃபென் என்ற வலி மாத்திரை கூடவே கூடாது. மனைவி இதை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டாள்.

அப்புறம்தான் சிக்கல். உணவுப் பொட்டலம் கொடுக்கும் குழுவில் சேர்ந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து பட்டியல் போடுவேன், நள்ளிரவில் போன் பேசுவேன். எல்லாரும் பாராட்டினார்கள். ஆனால் பைபோலாரில் இப்படித் தூக்கம் குறைந்து வேகம் கூடுவது மனநிலை ஏறத் தொடங்குவதன் அறிகுறி. மற்ற நாளாக இருந்தால் ஆபீஸில் யாராவது கவனித்திருப்பார்கள். ஊரே தூங்காமல் கிடந்த நேரத்தில் என் தூக்கம் குறைந்தது யார் கண்ணில் படும்? “எல்லாருக்கும்தானே டென்ஷன்” என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே இப்போதும் எரிச்சல் வரும். மனைவி மட்டும் காலண்டரில் தினமும் நான் தூங்கிய நேரத்தைக் குறித்துவைத்து டாக்டரிடம் படித்துக் காட்டினாள். அவர் இரவு மருந்தை மாற்றினார். ஒன்பது மணிக்கு மேல் போன் அவள் கையில். சண்டை போட்டேன், கொடுத்தேன்.

ஜூனில் மாவட்டங்களை மண்டலங்களாகச் சேர்த்து, ஒரே மண்டலத்துக்குள் இ-பாஸ் தேவையில்லை என்றதும் மதுரை போய் ரத்தம் கொடுத்தேன். 0.8. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மனைவி பக்கம் திரும்பி, “காலண்டர் கொண்டுவந்தீங்களாம்மா?” என்றார்.