ஒரு போர்ட், ஒரு டனல், நிறைய 127.0.0.1

செய்துகொண்டிருக்கும் வலைப்பக்கத்தை யாருக்காவது காட்ட வேண்டுமென்றால், நான் தனியாக சர்வர் வாடகைக்கு எடுப்பதில்லை. பைத்தான் நிரல்மொழியோடு வரும் ஹெச்டிடிபி.சர்வர் என்ற சின்ன வலை சர்வரை என் கணினியின் 8000 போர்ட்டில் (எண்ணிட்ட வாசல்) ஓடவிட்டு, அதை இணையத்தோடு இணைக்கும் ஒரு டனலைத் திறந்து, லிங்க்கை அனுப்பிவிடுவேன். டனல் தரும் சேவைகளான என்கிராக், கிளவுட்ஃப்ளேர் டனல் இரண்டுமே இதற்குப் போதும்.

டனல் ரவுட்டரை உடைத்துக்கொண்டு வருவதில்லை. என் கணினியில் ஓடும் ஒரு சின்ன நிரல் தானாகவே வெளியே போய், சேவையின் சர்வரோடு ஓர் இணைப்பைத் திறந்து வைத்துக்கொள்கிறது. பார்க்க வருபவர்களின் கோரிக்கைகள் அதே இணைப்பு வழியாகத் திரும்பி வருகின்றன. அதனால் ரவுட்டரில் வாசல் திறந்துவிடும் போர்ட் ஃபார்வர்டிங் வேண்டாம், நிலையான ஐபி வேண்டாம். ஹெச்டிடிபிஎஸ்ஸும் சும்மாவே கிடைக்கிறது. கிளவுட்ஃப்ளேரின் தற்காலிக டனலுக்குக் கணக்குகூடத் தேவையில்லை. ஒவ்வொரு முறையும் புது முகவரி. அது தொல்லை என்பார்கள். எனக்கு அதுதான் வசதி, பழைய லிங்க் தானாகச் செத்துவிடும்.

வேடிக்கை டெர்மினலில்தான். உலகத்தில் யார் எங்கிருந்து திறந்தாலும் லாகில், அதாவது சர்வர் எழுதும் வருகைப் பதிவில், விழுவது 127.0.0.1, கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரி. பைத்தானின் கதவைத் தட்டுவது டனல் நிரல்தானே, அதுவும் இதே கணினிக்குள். பார்ப்பவரின் உண்மையான முகவரி, கோரிக்கையோடு வரும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெட்டர் வரியில் இருக்கும். பைத்தான் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

கொஞ்ச நேரம் திறந்தே கிடந்தால், நாம் லிங்க்கே தராத யாரோ '/.என்வி', '/.கிட்/கான்ஃபிக்' என்று ரகசியங்கள் இருக்கக்கூடிய கோப்புகளைக் கேட்கும் வரிகளும் வரும். வரிசையாகப் பூட்டை ஆட்டிப் பார்க்கும் பாட்கள், அதாவது தானியங்கி நிரல்கள். இங்கே 'அப்படி ஒன்று இல்லை' என்னும் 404 வந்தால் சரி. ஆனால் இண்டெக்ஸ் பக்கம் இல்லாத கோப்புறை என்றால், இந்த சர்வர் உள்ளே இருப்பதையெல்லாம் பட்டியல் போட்டுக் காட்டிவிடும், புள்ளியில் தொடங்கும் கோப்புகள் உட்பட. கடவுச்சொல் கேட்கும் வழக்கமும் அதற்குக் கிடையாது. அதனால் காட்ட வேண்டியதை மட்டும் தனிக் கோப்புறையில் போட்டு, '--டைரக்டரி' என்று அதையே கொடுக்கிறேன். கூடவே, இதே கணினிக்குள்ளிருந்து வரும் கோரிக்கைகளை மட்டும் ஏற்கச் சொல்லும் '--பைண்ட் 127.0.0.1'. டனலுக்கு அது போதும். ஒரே வைஃபையில் இருக்கும் மற்றவர்கள் நேரடியாக 8000க்குள் நுழைய முடியாது.

மூடும்போது முதலில் டனல், அப்புறம்தான் பைத்தான். பைத்தானை மட்டும் நிறுத்தினால் பார்ப்பவருக்கு 502 பிழை வரும், ஆனால் முகவரி உயிரோடுதான் இருக்கும். அடுத்து அதே 8000இல் வேறு எதை ஓட்டினாலும், அதுவும் அந்த லிங்க்கில் தெரிய ஆரம்பித்துவிடும்.