யானைமலைக்குப் பின்னால் பட்டை பட்டையாக ஒரு வானம்

மதுரை யானைமலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரே படத்தில் அடங்குகிற மலை இல்லை. படுத்திருக்கும் யானை மாதிரி நீளமாகக் கிடக்கும். மலைக்கு மேற்கே இருக்கும் எங்கள் மொட்டை மாடியிலிருந்து, சூரியன் வருவதற்கு அரை மணி முன்னால், கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒன்பது படம் எடுத்துப் பனோரமாவாக ஒட்ட வேண்டும் என்பது பல நாள் ஆசை. மலை கறுப்பாக நிற்கும். பின்னால் வானம் ஆரஞ்சிலிருந்து கருநீலத்துக்கு மெதுவாக மாறும். அந்த மெதுவான மாற்றம்தான் என்னை மூன்று வாரம் படுத்தி எடுத்தது.

முதல் ஞாயிறு, கேமரா தந்த ஜேபெக் படங்களையே, படங்களை ஒட்டும் ஹக்கின் மென்பொருளில் போட்டேன். ஒட்டு அருமை, மலை விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. வானம்தான் வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல அடுக்கடுக்காக வந்தது. தனிப் படங்களில் அவ்வளவாகத் தெரியாத பட்டை, ஒட்டிய பிறகு எங்கிருந்து வந்தது?

ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 8 பிட், அதாவது கறுப்பிலிருந்து முழு வெளிச்சம் வரை 256 படிகள். விடியலுக்கு முந்தைய வானம் இருட்டு என்பதால் அதில் கீழே உள்ள சில படிகளை மட்டுமே தொடுகிறது. ஒட்டும் மென்பொருளோ படங்களை அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிடுவதில்லை. என் லென்ஸ் மூலைகளை இருட்டாக்கும்; அதை ஈடுகட்ட ஹக்கின் மூலைப் புள்ளிகளைப் பெருக்குகிறது. கணக்கை எளிதாக்கிச் சொன்னால், 30, 31, 32 என்று இருந்தவை இரண்டால் பெருகி 60, 62, 64 ஆகின்றன. நடுவில் 61, 63 எங்கும் இல்லை. போதாததற்கு நான் வேறு, படம் திருத்தும் கிம்ப் மென்பொருளில் வானத்தை இன்னும் பிரகாசமாக்கினேன். இடைவெளி மேலும் அகன்றது.

சரி, 16 பிட்டுக்குப் போவோம் என்று அந்த ஜேபெக்குகளையே, 16 பிட் தாங்கும் டிஃப் (TIFF) கோப்பாக மாற்றி மறுபடி ஒட்டினேன். சிரிக்காதீர்கள். உழக்குப் பாலைக் குடத்தில் ஊற்றினால் குடம் நிறையுமா? 65,536 படிகளுக்கு இடம் இருந்தாலும் உள்ளே இருப்பது பழைய 256தான். அடுத்தடுத்த கணக்குகளில் புதிதாகச் சேரும் பிழை குறையும், அவ்வளவே.

இரண்டாம் ஞாயிறு, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாகவே எடுத்தேன். என் கேமராவில் அது 14 பிட், 16,384 படிகள். ரா கோப்பைப் படமாக்கும் டிசிரா நிரலில் டிஃபாக மாற்றும்போது, கட்டளையில் மைனஸ் 6 போடுவதற்குப் பதில் மைனஸ் 4 போட்டுவிட்டேன். இரண்டும் 16 பிட்தான். ஆனால் மைனஸ் 4, இருண்ட பகுதிகளைக் கண்ணுக்கேற்ப வெளிச்சமாக்கும் காமா வளைவு போடாத நேர்கோட்டுத் தரவைத் தரும். படம் கும்மிருட்டு. ஒன்பதையும் மறுபடி மாற்றினேன்.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 24 மெகாபிக்சல் படம் சுருக்காத 16 பிட் டிஃபில் 144 எம்பி. ஒன்பதும் சேர்ந்தால் 1.3 ஜிபி. ஒட்டி வெட்டிய பனோரமா 26,000க்கு 5,400 புள்ளிகள், 840 எம்பி சொச்சம். மிச்சம் பிடிக்கலாம் என்று எல்இசட்டபிள்யூ சுருக்கம் போட்டுப் பார்த்தேன்; இரண்டு கோப்புகள் முன்பைவிடப் பெருத்தன! 16 பிட்டின் அடிப் பிட்களில் இருப்பதெல்லாம் இரைச்சல் (தாறுமாறான நுண்புள்ளிகள்), திரும்பத் திரும்ப வருவது ஏதாவது இருந்தால்தானே சுருங்கும். டிஃப்ளேட் என்ற இன்னொரு சுருக்கம் பரவாயில்லை. ஒட்டு தெரியாமல் படங்களைக் கலக்கும் என்பிளெண்ட் நிரல் ஓடும்போது மடிக்கணினி மின்விசிறி போட்ட சத்தத்தில் அம்மா அடுப்படியிலிருந்து, "என்னடா, மிக்ஸியைப் போட்டியா?" என்று கேட்டார்.

இத்தனைக்குப் பிறகும் வானத்தில் பட்டை. அன்று முழுக்க ஹக்கினைச் சந்தேகித்தேன். ராத்திரி, கோப்பின் விவரங்களைக் காட்டும் எக்ஸிஃப்டூலில் ஒவ்வொரு கோப்பாகச் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது. ஒட்டி வந்த டிஃபில் மூன்று நிறத்துக்கும் பிட் 16 16 16. நான் திருத்திச் சேமித்த டிஃப் 8 8 8. திருத்தியது வீட்டுப் பழைய கணினியில், அதில் இருந்தது கிம்ப் 2.8. ஒரு நிறத்துக்கு 8 பிட்தான் அதன் எல்லை. 2018இல் வந்த 2.10 முதல்தான் 16, 32 பிட்டைக் கையாளும். திறக்கும்போதே பிட் குறைந்திருக்கிறது, வந்த எச்சரிக்கையை நான் படிக்காமல் மூடியிருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு மேகம், படம் எடுக்கவில்லை. ஒட்டி வந்த பழைய 16 பிட் டிஃபையே 2.10இல் திருத்தினேன். வானம் வழுவழுவென்று வந்தது. அனுப்புவதற்கு ஜேபெக் ஆக்கியதும் கருநீலப் பகுதியில் மட்டும் லேசாக ஒரு பட்டை எட்டிப் பார்த்தது. மறுபடி 16 பிட்டுக்குப் போய், வானத்தில் மட்டும் துளியளவு இரைச்சலைத் தூவிவிட்டு 8 பிட் ஆக்கினேன். படி மாறும் விளிம்பு சிதறியதும் கண்ணுக்குக் கோடு தெரியவில்லை. நல்ல படத்தில் வேண்டுமென்றே இரைச்சல் சேர்க்க முதலில் கை வரவில்லைதான்.

ரா ஒன்பதும் கடைசி 16 பிட் டிஃபும் வெளி டிஸ்கில் இருக்கின்றன. மற்ற இடைக் கோப்புகளை நேற்று அழித்தேன். மாடியில் முக்காலியின் மூன்று கால்கள் நின்ற இடத்தைச் சாக்பீஸால் குறித்து வைத்திருக்கிறேன், மழை பெய்யாமல் இருந்தால் அடுத்த முறை இரண்டு வரிசையாக எடுக்க வேண்டும்.