ஸ்கேலுக்கு முன் சாணும் முழமும்

இரண்டாம் வகுப்பில் நீள அளவையைத் தொடங்கும்போது முதல் நாளே ஸ்கேலைக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வடசென்னையில் நான் பணியாற்றும் தொடக்கப்பள்ளியில், ஸ்கேலை வாங்கிய பிள்ளைகளில் பலர் 0 இருக்கும் கோட்டை விட்டுவிட்டு 1 இருக்கும் கோட்டிலிருந்து அளப்பார்கள். கோடுகளை எண்ணுகிறார்களே தவிர, இரண்டு கோடுகளுக்கு இடையே இருக்கும் நீளத்தைத்தான் எண்ண வேண்டும் என்பது அவர்களுக்குப் பிடிபடுவதில்லை.

சாணில் அது கண்ணுக்குத் தெரியும். பெஞ்சை அளக்கும் பிள்ளை, சுண்டுவிரல் முடிந்த இடத்தில் கட்டைவிரலை வைக்காமல் ஒரு விரற்கடை தள்ளி வைத்தால், நான் தவறு என்று சொல்வதில்லை. விரல் நுனிகளில் சாக்பீஸால் கோடு போட்டு, "நடுவுல இருக்கிற இந்த இடத்தை யாரு அளந்தது?" என்று கேட்பேன். அந்தக் கை தானாகவே பின்னுக்கு வந்துவிடும்.

கரும்பலகையிலிருந்து வாசல்வரை காலடி வைத்து அளக்கும்போது ஆளுக்கொரு விடை வரும். யாருடையது சரி என்று சண்டை மூளும். அதை நான் அவசரப்பட்டுத் தீர்த்துவைப்பதில்லை, ஏனென்றால் பாடமே அந்தச் சண்டையில்தான் இருக்கிறது. பூக்கட்டும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது முன்பே தெரியும். 1956 ஆம் ஆண்டுச் சட்டம் மீட்டர் முறையைக் கொண்டுவந்த பிறகும் சென்னைத் தெருக்களில் பூ முழத்தில்தான் விற்கிறது. "எங்க ஆயா முழம் பெருசு மிஸ், அம்மா முழம் சின்னது" என்று ஒரு பெண் சொன்னபோது, நான் ஒரு வாரம் நடத்தியிருக்க வேண்டியதை அவள் ஒரே வரியில் வகுப்புக்குப் புரியவைத்துவிட்டாள்.

"எறும்பும் தன் கையால் எண்சாண்" என்ற பழமொழியையும் செய்தே பார்ப்போம். ஒவ்வொருவராகத் தரையில் படுக்க, தலைக்கும் காலுக்கும் கோடு போட்டு, அவரவர் கையாலேயே அளந்தால் ஏறக்குறைய எட்டுச் சாண் வரும். அதே நீளத்தை என் கையால் அளந்தால் குறையும். அளக்கும் கை பெரிதானால் எண்ணிக்கை சிறிதாகும் என்ற தலைகீழ் உறவு பெரியவர்களுக்கு எளிது, ஏழு வயதுக்கு எளிதன்று.

அதன் பிறகுதான் எல்லோருக்கும் ஒரே நீளத்தில் தென்னங்குச்சி நறுக்கிக் கொடுப்பேன். இப்போது விடைகள் ஒத்துப்போகும். ஆனால் பெஞ்சின் நீளம் "நாலு குச்சியும் கொஞ்சமும்" என்று வரும்போது, அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று அவர்களே கேட்கத் தொடங்கி, குச்சியைப் பாதியாகவும் காலாகவும் ஒடித்து வைத்துப் பார்க்கிறார்கள். ஸ்கேலைக் கொடுக்க வேண்டிய நேரம் அதுதான்.